முதலில் சுவர், அப்புறம் கருத்து: பிள்ளைகளுக்கு டிஜிட்டல் தெரு ஓவியம் கற்றுக்கொடுக்க ஒரு வழிகாட்டி

என் முதல் வகுப்பு வீணாய்ப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 12 பிள்ளைகள், ஒரு நூலகத்தின் மாடி அறை, ஆளுக்கொரு கைப்பேசி அல்லது டேப்லெட். நீர் சேமிப்பு, நெகிழி ஒழிப்பு, பெண் கல்வி, மரம் வளர்ப்பு என்று பலகையில் தலைப்புகளை எழுதிப்போட்டு, "பிடித்ததை எடுத்துக்கொண்டு வரையுங்கள்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சுற்றி வந்து பார்த்தால் 9 திரைகளில் ஒரே படம்: கண்ணீர் விடும் பூமி உருண்டை, அதன் தலையில் ஒரு மரம், பக்கத்தில் ஒரு கோடரி.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தலைப்பைக் கொடுத்தால், பள்ளிப் போட்டியில் பரிசு வாங்கிய படத்தைத்தான் திருப்பித் தருவார்கள். அடுத்த வாரம் பலகையைத் துடைத்துவிட்டு எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரே விதிதான்: முதலில் சுவர், அப்புறம் கருத்து.

டிஜிட்டல் தெரு ஓவியம் என்று நான் சொல்வது எளிய வேலை. உண்மையான ஒரு தெருச் சுவரைப் படம் எடுத்து, அந்தச் சுவரிலேயே வண்ணம் பூசியதுபோல் தெரியும்படி திரையில் வரைவது. காரை பெயர்ந்த இடமும் ஈரக்கறையும் ஓவியத்தின் ஊடாகத் தெரிய வேண்டும். முடிந்தால் ஒரு நாள் இரவு அதை ப்ரொஜெக்டரில் அதே சுவரில் போட்டுப் பார்க்கலாம்.

ஏன் டிஜிட்டல் என்று பெற்றோர் கேட்பார்கள். வண்ணச் செலவு இல்லை, சாரம் கட்டி ஏற வேண்டாம், பிழையானால் ஒரு தட்டில் அழித்துவிடலாம். அதைவிடப் பெரிய காரணம் அனுமதி. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கிறது. அடுத்தவர் சுவரில் பிள்ளைகள் கை வைத்தால் வம்பு. திரையில் எந்தச் சுவரும் அவர்களுடையது. மேம்பாலத் தூண், நீதிமன்ற மதில், தலைமை ஆசிரியர் அறையின் வெளிச்சுவர், எதுவானாலும்.

பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்குச் சாக்பீஸும் சிமெண்ட் தரையும் போதும், மகிழ்ச்சியும் அதிகம்.

முதல் நாள்: திரை இல்லாமல் ஒரு நடை

கருவிகளைப் பையில் போடச் சொல்லுங்கள். இரண்டு தெருக்கள் போதும். சுவர்கள் ஏற்கெனவே என்ன பேசிக்கொண்டிருக்கின்றன என்று குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். "விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதிய சுவரிலேயே விளம்பரம் இருக்கும். கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே பெயரெழுதிப் பிடித்து வைத்த சுவர் இருக்கும். சிறுநீர் கழிப்பவர்களைத் தடுக்கச் சாமி படம் பதித்த ஓடு வரிசையாக இருக்கும். வாசலில் கோலம் இருக்கும். தெருவில் அன்றாடம் வரையப்பட்டு அன்றாடம் அழியும் ஓவியம் அது. அந்தக் கோலமே அரசியல் பேசியதும் உண்டு: 2019 டிசம்பரில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலமிட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது.

வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: "சிவப்பு முக்கோணம் என்றால் என்ன?" எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார், குடும்பக் கட்டுப்பாடு என்று. ஊர் ஊராகச் சுவரில் தீட்டப்பட்ட அந்தத் தலைகீழ் முக்கோணமும் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற வரியும் ஒரு தலைமுறையின் நினைவில் இன்னும் இருக்கின்றன. ஒரு வடிவம், ஒரு நிறம், மூன்று நான்கு சொற்கள். சுவரில் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

நடை முடிவதற்குள் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகான சுவர் தேவையில்லை. குழாய், கம்பம், உடைந்த சன்னல், மரத்தின் நிழல் என்று ஏதாவது ஒன்று இருக்கும் சுவர் நல்லது. வெறும் வெள்ளைச் சுவரை எடுக்கும் பிள்ளைக்குப் பின்னால் கஷ்டம்.

சுவரைப் படம் எடுப்பது

காலையிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள். உச்சி வெயிலில் சுவரின் சொரசொரப்பு வெளுத்துப்போகும். சுவருக்கு நேர் எதிரே நின்று, கைப்பேசியைச் சாய்க்காமல், இரண்டு மூன்று படங்கள். அகலக் கோணத்தில் வைத்தால் ஓரங்கள் வளையும். இரண்டடி பின்னால் நகர்ந்து சாதாரணக் கோணத்தில் எடுப்பதே நல்லது. அளவு தெரிய ஒரு சைக்கிளோ குப்பைத்தொட்டியோ படத்தில் இருக்கட்டும். மனித முகமும் வண்டி எண்ணும் வரக்கூடாது. கேமராவின் அமைப்புகளில் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கருத்தைக் கண்டுபிடிப்பது

இதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் அழுகிற பூமி திரும்பி வரும்.

நான் மூன்று கேள்விகள் கேட்பேன். இந்தச் சுவருக்கு முன்னால் தினமும் யார் நிற்கிறார்கள்? அவர்களுக்கு இங்கே என்ன கஷ்டம்? உன் படத்தைப் பார்க்க வேண்டியது அவர்களா, வேறு யாராவதா? மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சிறுநீர் நாற்றம் அடிக்கும் ஒரு சந்துச் சுவரைத் தேர்ந்தெடுத்திருந்தான். முதலில் அவன் வரைந்தது ஒரு மண்டை ஓடு, கீழே "இங்கே சிறுநீர் கழிக்காதே". "யார் கழிக்கிறார்கள் என்று பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. மறுநாள் நண்பனோடு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அரை மணி நேரத்தில் நான்கு பேர்: மூவர் ஆட்டோ ஓட்டுநர்கள், ஒருவர் மூட்டை தூக்குபவர். "சார், அந்தத் தெருவில் கழிப்பறையே கிடையாது" என்று வந்து சொன்னான். மண்டை ஓட்டை அவனே அழித்தான். அடுத்து அவன் வரைந்தது ஒரு கதவு. நீல வண்ணம், பளபளக்கும் கைப்பிடி, சற்றே திறந்த இடுக்கில் மஞ்சள் வெளிச்சம், உள்ளே ஒரு வாளியும் குழாயும். கீழே ஒரே சொல்: "திறக்குமா?" இப்போது அந்தச் சுவர் ஓட்டுநர்களைத் திட்டவில்லை. கழிப்பறை கட்ட வேண்டியவர்களைப் பார்த்துக் கேட்கிறது.

பெரும்பாலான முழக்கங்கள் இருப்பதிலேயே எளியவரைத்தான் அதட்டுகின்றன. பிள்ளைகளும் அதையே பழகியிருக்கிறார்கள். "செய்யாதே" என்று முடியும் வாசகம் எது வந்தாலும், "ஏன் செய்கிறார்கள்?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்குச் சில சுவர்களைக் காட்டலாம். ஐந்தாறு போதும். நான் தவறாமல் காட்டுவது சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் சுவரில் ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் தீட்டிய முகங்கள். எச்.ஐ.வி. பற்றிய அவப்பெயரைக் களைய வரையப்பட்டது அது. பல வயது, பல தோற்றத்தில் மனிதர்கள். இவர்களில் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் செய்தி. பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லாமல், "யாருக்கு நோய் என்று கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுவேன். ஐந்து நிமிடம் தேடிவிட்டு, முடியவில்லை என்று அவர்களே சொல்லும்போது படம் புரிந்துவிடும்.

இன்னொன்று நியூயார்க்கில், ஹார்லெம் பகுதியில் கீத் ஹேரிங் 1986-இல் ஒரு பந்தாட்டத் திடலின் சுவரில் வரைந்த "கிராக் இஸ் வாக்". கிராக் என்ற போதைப்பொருள் கேடானது என்று சொல்வது. தடித்த கோடு, ஆரஞ்சுப் பின்னணி, மூன்றே சொற்கள். ஓடும் காரிலிருந்து பார்த்தாலும் புரியும். அனுமதி வாங்காமல் வரைந்ததற்கு அவருக்கு அபராதம் விதித்தார்கள். பின்னர் அதே சுவரில் அனுமதியோடு மறுபடி வரைந்தார். அதே ஆண்டில், சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக ஏறக்குறைய 1000 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பத்து மாடி உயரத் திரையும் தீட்டினார். ஓவியம் வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கு ஹேரிங்கின் கோட்டு மனிதர்களைக் காட்டுங்கள். கண் மூக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அவை ஆடுகின்றன, ஓடுகின்றன.

சென்னைக்காரர்களாக இருந்தால் கண்ணகி நகருக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிச்செல்லலாம். நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் அந்தக் குடியிருப்பின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020 முதல் பெரிய ஓவியங்கள் வந்தன. தெரு ஓவியத்துக்கென்றே இயங்கும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை முன்னின்று நடத்தியது. அங்கே பிள்ளைகளிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: இந்தப் படம் இங்கே வாழ்பவர்களுக்கா, பார்க்க வருபவர்களுக்கா? எனக்கே இன்னும் உறுதியான பதில் கிடைக்கவில்லை. கேட்டு வையுங்கள்.

தாளில் ஆறு கட்டம்

திரையைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் தீப்பெட்டி அளவில் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கருத்துக்கு வேறு வேறு படம், கட்டத்துக்கு இரண்டு நிமிடம். முதல் இரண்டு எப்போதும் பழைய சரக்காகவே இருக்கும். நான்காவதிலிருந்துதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். ஆறையும் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுமுனையிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புரிவதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

சுவரில் உள்ள பொருளைப் படத்தோடு சேர்க்க முடியுமா என்றும் பாருங்கள். எப்போதும் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வரும் ஒரு மாணவி, வறண்ட துருப்பிடித்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் சுவரை எடுத்திருந்தாள். குழாயை அவள் வரையவே இல்லை. அது அங்கேயே இருக்கிறதே. அதன் அடியிலிருந்து சுவரின் கடைசி வரை வண்ண வண்ணக் குடங்களாக வரைந்தாள். வரிசையின் கடைசியில் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சீருடையோடு உட்கார்ந்து, மடியில் புத்தகம் வைத்துப் படிக்கிறாள் ஒரு சிறுமி. எழுத்து எதுவும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். தாமதத்துக்காக அவளைப் பலமுறை கடிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

திரையில் வரைவது

எந்தச் செயலி என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியோ ஐபேடோ இருந்தால் ஐபிஸ்பெயிண்ட் எக்ஸ். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், வரையும்போது இணையத்தை அணைத்து வைத்தால் தொல்லை குறையும். கணினி இருந்தால் கிரிட்டா. முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை. பேனா இல்லாவிட்டால் விரல் போதும். தெரு ஓவியத்துக்குத் தடித்த கோடுதான் வேண்டும். விரல் அதற்குத் தோதானது.

வேலை லேயர்களில் நடக்கிறது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

1. சுவர்ப் படத்தைத் திறந்து அடியில் வையுங்கள். ஐபிஸ்பெயிண்டில் படத்தை உள்ளே கொண்டுவரும்போது, அதைக் கோட்டோவியமாக மாற்றவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத பிள்ளை சுவரையே அழித்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும்.

2. மேலே புது லேயர். தாளில் தேர்ந்தெடுத்த படத்தை மெல்லிய ஒற்றைக் கோட்டில் வரையுங்கள்.

3. இன்னொரு லேயரில் வண்ணம். மூன்று நிறங்களுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்பாடு விதியுங்கள். சுவரின் நிறம் நான்காவது.

4. வண்ண லேயரின் கலப்பு முறையை, அதாவது அடியில் உள்ள படத்தோடு அது எப்படிக் கலக்க வேண்டும் என்பதை, மல்டிப்ளை என்று மாற்றுங்கள். அறையில் "ஆ!" என்று சத்தம் வரும் இடம் இது. அதுவரை ஒட்டிவைத்த ஸ்டிக்கர்போல் இருந்த படத்தில் செங்கல் இடுக்கும் விரிசலும் எழுந்து வரும். வண்ணம் சுவருக்குள் இறங்கிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மல்டிப்ளையில் வெள்ளை நிறம் மறைந்துவிடும். ஒரு பெண் பொறுமையாக வரைந்த வெள்ளைப் புறா அப்படியே காணாமல் போய், கண்ணில் நீர் கட்டிவிட்டது அவளுக்கு. வெள்ளையையும் வெளிர் நிறங்களையும் தனி லேயரில் வரைந்து, கலப்பு முறையை மாற்றாமல், அடர்த்தியை மட்டும் 85 விழுக்காட்டுக்குக் குறைத்தால் போதும். சுவர் சற்றே தெரியும்; புறாவும் இருக்கும்.

5. சுவரைச் சாய்வாக எடுத்திருந்தால், ஓவியத்தின் நான்கு மூலைகளையும் இழுத்துச் சுவரின் சாய்வுக்குப் பொருத்துங்கள். உருமாற்றக் கருவியில் முன்பின் தோற்றத்துக்கென்று ஒரு வசதி இருக்கும்.

6. சுவருக்கு முன்னால் நிற்கும் கம்பம், சைக்கிள், செடி ஆகியவற்றின்மேல் ஏறிய வண்ணத்தை அழிப்பான் கொண்டு அழியுங்கள். பொருள் முன்னால், ஓவியம் பின்னால். இதைச் செய்யாத படம் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் பொய்யாகத் தெரியும். சுவரில் விழுந்திருக்கும் மர நிழல் ஓவியத்தின் மேலும் விழ வேண்டும். மல்டிப்ளை அதைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும்.

ஸ்டென்சில் பாணி, அதாவது வெட்டிய அட்டையின் வழியே வண்ணம் அடித்ததுபோன்ற தோற்றம், வேண்டுமென்றால் ஒரே நிறம், கூரிய விளிம்பு, உள்ளே விடுபட்ட இடைவெளிகள். ஸ்ப்ரே போன்ற தூரிகை எல்லாச் செயலிகளிலும் உண்டு. வண்ணம் வழியும் கோடுகளைப் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் போடுவார்கள். போடட்டும்.

"செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அதுவே வரைந்து தருமே?" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். உன் தெருக் குழாய் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, வேலையைத் தொடருங்கள்.

எழுத்து

சொற்கள் நான்கைத் தாண்டக்கூடாது. தட்டச்சு செய்யாதீர்கள், சில வரைகலைச் செயலிகளில் தமிழ் உடைந்துவிடும். "கொடு" என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் போய் நிற்கும். எழுத்தையும் வரைவதே சரி. சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர்களின் எழுத்தை நடையின்போதே படம் எடுத்து வந்திருந்தால் இப்போது உதவும். இரண்டு கோடு போட்டுக்கொண்டு அதற்குள் எழுதச் சொல்லுங்கள். ஆனால் தமிழில் கி, மீ மேலே எகிறும், கு, மூ கீழே இறங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் கடைசிச் சொல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முடிந்ததும் படத்தை நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் படிக்க முடிந்தால் பாலத்தின் மேலிருந்தும் படிக்க முடியும்.

தெருவில் காட்டுவதும் இணையத்தில் போடுவதும்

முதலில் அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் காட்ட வேண்டும். டீக்கடைக்காரர், பூக்காரம்மா, யாராக இருந்தாலும் சரி. பிள்ளை விளக்கம் சொல்லக்கூடாது, படத்தை நீட்டிவிட்டு, "என்ன புரிகிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவர் வேறு ஏதாவது சொன்னால் திருத்த வேண்டியது படத்தைத்தான்.

இணையத்தில் போடுவதில் நான் கறார். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடம் ஒளிந்திருக்கும். பிள்ளையின் தெருவை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். அதனால்தான் முதலிலேயே அணைக்கச் சொன்னேன். மறந்திருந்தால், முடிந்த ஓவியத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து அந்தப் பிரதியை மட்டும் வெளியே விடுங்கள். கையெழுத்துக்குப் புனைபெயர் போதும், அதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு அலாதி மகிழ்ச்சி. பள்ளிச் சின்னம் எங்கும் வரக்கூடாது. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கிடுகிறது. செயலிக்குள்ளேயே இருக்கும் பொதுக் காட்சிக்கூடங்களில் பதிவேற்றுவதை நான் அனுமதிப்பதில்லை.

ஒளியாகச் சுவரில்

சுவரின் உரிமையாளர் சம்மதித்தால், கடைசி வகுப்பை இரவில் வையுங்கள். ஏழு மணிக்குப் பிறகு, தெருவிளக்கு நேராக அடிக்காத இடத்தில். வகுப்பறை ப்ரொஜெக்டரே போதும், ஆனால் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கருவியின் கையேட்டில் வீச்சு விகிதம் (throw ratio, தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்று இருந்தால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒளிவீச்சுக்கு நேரே கண் வைக்க விடாதீர்கள். நீள வயர், அதன்மேல் ஒட்ட டேப், மேசைக்குக் காவலாக ஒரு பெரியவர். ஒளி போடும் பிரதியில் சுவர்ப் படத்தின் லேயரை மறைத்து, அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிடுங்கள். அசல் சுவர்தான் எதிரே இருக்கிறதே. அப்போது வண்ண லேயரை மல்டிப்ளையிலிருந்து இயல்பு நிலைக்கு மாற்ற மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் எல்லாம் கறுப்பாகிவிடும். நான் மறந்தேன், 12 குடும்பங்கள் கால் மணி நேரம் இருட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நீலக் கதவு அன்றிரவு ஏழரை மணிக்கு அந்தச் சந்தில் தோன்றியது. இரண்டு ஆட்டோக்கள் நின்றன. வீட்டுக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வார்டு உறுப்பினரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும் என்று படத்தைக் கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். திரைப்பிடிப்பு எடுத்த பிரதியைத்தான் அனுப்பினான்.